‘சர்ப்ளஸ்’ பிராண்ட் கைப்பை: பையைப் பார்க்குமுன் அது வந்த வழியைப் பாருங்கள்

"ஷோரூம் விலை 1,60,000. நம்ம விலை 6,500. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், நூறு பர்சென்ட் ஒரிஜினல். பில், கார்டு, டஸ்ட் பேக் எல்லாம் உண்டு."

வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் இந்த மாதிரி அறிவிப்புக்குப் பஞ்சமே இல்லை. புதிதாக வாங்குபவர்கள் உடனே படத்தைப் பெரிதாக்கித் தையலை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். தையல் கடைசியில் பார்க்க வேண்டியது. அந்த பிராண்டின் மிச்சச் சரக்கு வெளியே வருவதற்கு ஒரு வழி இருக்கிறதா, இருந்தால் அது எந்த வழி என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தாலே பெரும்பாலான ‘சர்ப்ளஸ்’ பைகளைக் கையில் எடுக்காமலே ஒதுக்கிவிடலாம்.

1. பிராண்டை முதலில் வகைப்படுத்துங்கள்

லூயி விட்டான், ஷனெல், ஹெர்மெஸ், கோயார் இந்த நான்கின் கைப்பைகளுக்கும் அவுட்லெட் கடை (பிராண்டே தன் சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை) கிடையாது. லூயி விட்டான் தள்ளுபடி விற்பனையே நடத்துவதில்லை. புதுப் பை அதன் சொந்தக் கடைகளிலும் சொந்த இணையதளத்திலும் மட்டுமே கிடைக்கும். ஷனெலும் கோயாரும் கைப்பையை இணையத்தில் விற்பதே இல்லை. ஆகவே ‘ஷனெல் ஆன்லைன் கிளியரன்ஸ் சேல்’ என்று ஒரு தளம் கண்ணில் பட்டால், பையை ஆராய வேண்டிய அவசியமே இல்லை, தளமே போலி. இந்த நான்கில் விலை குறைந்த அசல் பை வேண்டுமென்றால் ஒருவர் பயன்படுத்தியதைத்தான் வாங்க முடியும். அதை ‘பழையது’ என்று சொல்லி விற்பவர் நேர்மையானவர். ‘சர்ப்ளஸ்’ என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

கூச்சி, பிராடா, பர்பெரி, செயின்ட் லாரன்ட், பொட்டேகா வெனெட்டா போன்றவை வேறு வகை. இவற்றுக்கு அவுட்லெட் உண்டு. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் அருகே லெச்சோவில் உள்ள ‘தி மால்’ வளாகத்தில் கூச்சி, மொன்டேவார்க்கியில் பிராடா, இங்கிலாந்தில் பைசெஸ்டர் வில்லேஜ், நியூயார்க் பக்கம் வுட்பரி காமன் எல்லாம் பெயர்பெற்ற இடங்கள். முந்தைய சீசனில் விற்காத சரக்கு இங்கே வரும். அவுட்லெட்டுக்கென்றே செய்ததும் கலந்திருக்கும்.

மூன்றாவது வகை கோச், மைக்கேல் கோர்ஸ், கேட் ஸ்பேட் போன்றவை. இவற்றின் வியாபாரத்தில் அவுட்லெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கும் ஜோகூர் பிரீமியம் அவுட்லெட்ஸில் கோச் கடை இருக்கிறது. குறைந்த விலையில் அசல் கிடைக்க நிஜமான வாய்ப்பு இந்த வகையில்தான். புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

முதல் வகையின் விற்காத சரக்கு எங்கேதான் போகிறது? பல நிறுவனங்கள் அதை அழித்துவிட்டன. பர்பெரி 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது தெரிந்து பெரும் கண்டனம் எழ, 2018 செப்டம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அவுட்லெட் இருக்கும் பிராண்டே அப்படிச் செய்தது என்றால், பெயரின் மவுசு குறைந்துவிடக் கூடாது என்பதில் இவர்களுக்கு உள்ள பயம் புரியும். பிரான்சில் இப்போது விற்காத ஆடை, அணிபொருள்களை அழிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்காக அந்தச் சரக்கு நம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிடாது.

2. ‘சர்ப்ளஸ்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து சரக்கு

விற்பவரிடம் "இது எந்த வகை சர்ப்ளஸ்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

சீசன் முடிந்து மிஞ்சியது: ஷோரூமில் இருந்து அவுட்லெட்டுக்குப் போனது. முழு அசல். போன வருட நிறம், போன வருட மாடலாக இருக்கும், அவ்வளவுதான்.

அவுட்லெட்டுக்கென்றே செய்தது: இதுவும் அசல்தான். ஆனால் ஷோரூம் பையின் தள்ளுபடிப் பிரதி அல்ல. தோல் மெல்லியதாக இருக்கும், அல்லது வரி அச்சிட்ட பூச்சுத் தோலாக இருக்கும்; அடியில் உலோகக் குமிழ் இருக்காது; உள்துணி சாதாரணம்; பாக்கெட் ஒன்று குறையும். ‘450 டாலர் பை, 70 சதவீதம் தள்ளுபடி’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் அந்தப் பை 450 டாலருக்கு எங்கும் விற்றதே இல்லை. இந்த அட்டை விலை குறித்து அமெரிக்காவில் மைக்கேல் கோர்ஸ் மீது வழக்குப் போனது. 2015-ல் அதைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் 48.75 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

இணை இறக்குமதி: ஐரோப்பாவில் பல பிராண்டுகளை விற்கும் மொத்தக் கடைகளில் இருந்து வேறு நாட்டு வியாபாரி வாங்கி வந்து விற்பது. அமெரிக்காவின் டி.ஜே. மேக்ஸ் போன்ற தள்ளுபடிக் கடைகளில் ஐரோப்பிய பிராண்ட் பைகள் தென்படுவது இப்படித்தான். அசலாக இருக்கலாம், ஆனால் பிராண்டின் வாரன்டி உங்களுக்குக் கிடைக்காது.

‘ஃபேக்டரி ஓவர்ரன்’: கூடுதலாகத் தைத்து மிஞ்சியதாம். அதிகம் புழங்கும் கதை இதுதான். பெரிய பிராண்டுகள் லோகோ பதித்த உலோகப் பாகங்களையும் அச்சிட்ட துணியையும் தொழிற்சாலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்கும். ஒன்றிரண்டு பை திருட்டுத்தனமாக வெளியே போகலாம். எட்டு நிறத்தில், நிறத்துக்கு ஐம்பது என்று ஸ்டாக் வைத்து விற்கும் அளவுக்கு மிஞ்ச வழியே இல்லை.

‘கஸ்டம்ஸ் பிடித்தது’: இறக்குமதியில் பிடிபடும் போலிச் சரக்கைச் சந்தைக்கு விடாமல் அழிப்பதுதான் இந்தியச் சுங்க விதி, 2007 முதல் இருக்கும் அறிவுசார் சொத்துரிமை அமலாக்க விதிகளே அதற்கு அடிப்படை. மற்ற பறிமுதல் சரக்கு மின் ஏலத்தில் மொத்தமாகப் போகும். ஏலத்தில் எடுத்தேன் என்பவரிடம் ஏலத் தாள் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்து விஷயம் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஏற்றுமதித் தோல் மிச்சம் என்பது உண்மையிலேயே உண்டு. அங்கே வாங்கும் பெயரில்லாத தோல் பை நல்ல சரக்காகவே அமையலாம். அதே தோல் பையின் மேல் பாரிஸ் பிராண்டின் பெயர் அடித்திருந்தால், தோல் அசல், பெயர் போலி.

‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ’, ‘மிரர்’, ‘மாஸ்டர் காப்பி’, ‘ஓஜி குவாலிட்டி’ இவையெல்லாம் போலிகளின் தரவரிசைப் பெயர்கள். ‘ஓஜி’ என்றவுடன் ஒரிஜினல் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

3. விலைக் கணக்கு

சொந்த அவுட்லெட்டிலேயே இரண்டாம் வகை பிராண்டுகள் (கூச்சி, பிராடா போன்றவை) பொதுவாகப் பாதி விலைக்குக் கீழே எளிதில் போவதில்லை. அதன் மேல் விமானச் செலவு, இறக்குமதி வரி, வியாபாரியின் லாபம் எல்லாம் ஏற வேண்டும். அப்படியிருக்க 1,60,000 ரூபாய்ப் பை 6,500-க்கு வர முடியாது. நூறில் நான்கு பங்கு விலை என்பது தள்ளுபடி அல்ல. லூயி விட்டான் நெவர்ஃபுல் நடுத்தர அளவு அமெரிக்காவிலேயே 2,000 டாலரைத் தாண்டிவிட்டது. பழைய சந்தையிலும் நல்ல நிலையில் உள்ள பை அதற்கு ரொம்பக் கீழே இறங்காது.

தந்திரக்காரர்கள் விலையை அவ்வளவு குறைப்பதில்லை. 1,60,000 பையை 85,000 என்று சொல்லும்போதுதான் நம்பத் தோன்றும். விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படலாம். கூடுதலாக இருப்பதால் மட்டும் நம்பிவிட முடியாது.

4. பணம் போடுமுன் கேட்க வேண்டிய படங்கள்

பட்டியலில் இருக்கும் படம் வேறெங்கோ எடுத்ததாக இருக்கலாம். ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதி, பையோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதோடு:

- நேர் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம்
- கீழ் மூலைகள் நான்கும், கிட்டத்தில்
- உள்ளே உள்ள பிராண்ட் முத்திரை, மங்கல் இல்லாமல்
- குறியீட்டு எண் உள்ள பட்டை, இரண்டு பக்கமும்
- ஜிப் இழுவையின் முன்னும் பின்னும்
- கைப்பிடி பையோடு சேரும் இடம்
- தோள்பட்டையின் கொக்கியில் உள்ள எழுத்து

"பார்சல் கட்டிட்டேன், படம் எடுக்க முடியாது மேடம்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. கையில் வந்தபின்

பகல் வெளிச்சத்தில், காலிப் பையை மேசையில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்கிறதா, கைப்பிடி இரண்டும் ஒரே உயரமா என்று பாருங்கள். பிறகு எழுத்துக்குப் போங்கள். போலிகள் அதிகம் சறுக்குவது அங்கேதான். பிராண்டின் தளத்தில் அதே மாடலின் பெரிய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும், நினைவை நம்பாதீர்கள்.

லூயி விட்டான் முத்திரையில் ‘ஓ’ எழுத்து முட்டை வடிவில் இருக்காது, முழு வட்டம். ‘எல்’ எழுத்தின் அடிக்கோடு குட்டை. இரட்டை ‘டி’ (TT) இரண்டும் ஏறக்குறைய ஒட்டி நிற்கும். பிராடாவில் ‘ஆர்’ எழுத்தின் வளைவும் காலும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். போலிகளில் அது நேராக ஒட்டியிருக்கும், அல்லது வெட்டு மிகைப்பட்டிருக்கும்.

தையலில் மூன்று பார்க்க வேண்டும்: இடைவெளி சீரா, கைப்பிடிப் பட்டையின் இரு புறமும் தையல் எண்ணிக்கை ஒன்றா, முடியும் இடத்தில் நூல் பிசிறு அல்லது உருக்கிய முடிச்சு இருக்கிறதா. ஹெர்மெஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே கையால் இரட்டை ஊசித் தையல் போடுவதால் தையல் லேசாகச் சாய்ந்து, ஒன்றுக்கொன்று நுணுக்கமாக மாறுபடும். இயந்திரத்தில் அடித்ததுபோல் அச்சு அசலாக நேராக ஓடினால்தான் சந்தேகம்.

தோல் விளிம்பில் பூசும் பெயின்ட் பலர் கவனிக்காத இடம். நல்ல வேலையில் பல தடவை பூசித் தேய்த்து வழவழப்பாக இருக்கும். அவசர வேலையில் ரப்பர் மாதிரி தடித்து, குமிழ் விட்டு, வளைக்கும் இடத்தில் கீறும்.

ஷனெல் வைரக்கட்டத் தையலில் பின்புறப் பாக்கெட்டின் கட்டங்கள் பையின் கட்டங்களோடு கோடு தப்பாமல் சேர வேண்டும். பூட்டில் உள்ள இரட்டை ‘சி’யில் வலது ‘சி’ மேலே இடதின் மீது படியும். கீழே இடது ‘சி’ வலதின் மீது படியும்.

புதியவர்கள் அசலைப் போலி என்று ஒதுக்கும் ஒரு சம்பவமும் உண்டு. லூயி விட்டான் ஸ்பீடி பையில் ஒரு பக்கம் எழுத்துகள் தலைகீழாக இருக்கும். துணி அடியில் வெட்டாமல் ஒரே துண்டாகச் சுற்றி வருவதால் அப்படி. இரண்டு பக்கமும் நேராக இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

6. குறியீட்டு எண்: பொய்யைக் காட்டும், மெய்யை நிரூபிக்காது

உதாரணமாக ஒரு லூயி விட்டான் பையில் ‘எஸ்டி (SD) 4198’ என்று இருக்கிறது என்போம். முதல் இரண்டு எழுத்து தயாரிப்புக் கூடம். ‘எஸ்டி’ அமெரிக்காவைக் குறிக்கும். 2007-லிருந்து 2021 தொடக்கம் வரை ஒன்றாவது, மூன்றாவது இலக்கம் வாரத்தையும், இரண்டாவது, நான்காவது இலக்கம் வருடத்தையும் குறிக்கும். 4-ம் 9-ம் சேர்த்தால் 49-வது வாரம். 1-ம் 8-ம் சேர்த்தால் 2018. (1990 முதல் 2006 வரையிலான பைகளில் வாரத்துக்குப் பதில் மாதம்.)

இனி குறுக்கு விசாரணை. முத்திரையில் ‘பிரான்சில் செய்தது’ என்றிருந்தால் அமெரிக்கக் குறியீட்டோடு ஒத்துப்போகவில்லை, போலி. எண் 7198 என்றிருந்தால் 79-வது வாரமாகிறது. வருடத்தில் அப்படி ஒரு வாரமே இல்லை. ‘ஆன்தகோ’ மாடல் 2019-ல்தான் வந்தது; அதில் 2015-ம் ஆண்டுக் குறியீடு இருந்தால் அதுவும் போலி.

எல்லாம் ஒத்துப்போனால் அசலா? இல்லை. எண்ணை அப்படியே நகலெடுப்பது சுலபம். ஒரே எண் அந்த வாரம் செய்த எத்தனையோ பைகளில் இருக்கும். அது தனிப் பைக்கான வரிசை எண் கிடையாது.

2021 மார்ச்சுக்குப் பின் லூயி விட்டான் இந்த எண்ணை நிறுத்திவிட்டு உள்ளே சிப் வைக்கிறது. அதனால் ‘2023 மாடல்’ என்று சொல்லி எண்ணைக் காட்டுபவர் தன்னையே காட்டிக்கொடுக்கிறார். போனை வைத்தால் சிப் பதில் சொல்கிறதே என்பார்கள். சிப் இருப்பது மட்டும்தான் அதில் தெரியும், அதையும் போலிகளில் வைக்கிறார்கள். ஷனெலும் 2021-ல் எண் ஸ்டிக்கரையும் அட்டையையும் விட்டுவிட்டு உலோகத் தகட்டுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்திய பையில் ஸ்டிக்கர் எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கூச்சியில் உள்ளே தோல் பட்டையின் பின்புறம் இரண்டு வரி எண் இருக்கும். முதல் வரி மாடல் எண். இணையத்தில் தேடினால் அதே வடிவப் பை வர வேண்டும். தேடினால் பர்ஸ் வருகிறது, உங்கள் கையில் தோள்பை இருக்கிறது என்றால் கதை முடிந்தது.

மூன்றாம் வகை பிராண்டுகளில் எண்ணைப் பார்த்து அவுட்லெட்டா ஷோரூமா என்றுகூடப் பிரிக்கலாம். கோச் பழைய பைகளில் உள்ளே தைத்த தோல் பட்டையில், சிறு கோட்டுக்குப் பின் வரும் மாடல் எண்ணின் முன் ‘எஃப்’ இருந்தால் அவுட்லெட்டுக்கானது. மைக்கேல் கோர்ஸ் மாடல் எண் 35-ல் தொடங்கினால் அவுட்லெட், 30-ல் தொடங்கினால் ஷோரூம். சின்ன கோச் பர்ஸ்களில் அந்தப் பட்டை இருக்காது. இல்லை என்பதால் போலி ஆகிவிடாது.

7. உதவாத சோதனைகள்

தீக்குச்சி வைத்துப் பார்ப்பது: அசல் தோலிலும் மேல்பூச்சு உண்டு, அது உருகும், பையும் கெடும். லூயி விட்டான் மோனோகிராம் பையின் உடல் தோலே கிடையாது, பூச்சு ஏற்றிய பருத்தித் துணி. தண்ணீர்ச் சொட்டு: அதன் கைப்பிடியில் உள்ள மேல்பூச்சு இல்லாத வெளிர்தோலில் விட்டால் கறை நிரந்தரம். காந்தம்: பித்தளை ஒட்டாது, ஆனால் மலிவான துத்தநாகக் கலவையும் ஒட்டாது. வாசனை: தோல் மணத்தைத் தெளித்து அனுப்புகிறார்கள். பசை நாற்றம் அடித்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

டஸ்ட் பேக், பெட்டி, ரிப்பன், பில் எல்லாம் தனியே விற்கப்படுபவை. லூயி விட்டான் ‘அசல் சான்று அட்டை’ தருவதே இல்லை. பையோடு அப்படியொரு அட்டை வந்தால் அது போலிக்கான சாட்சி.

8. அசல்தான், ஆனால் கிடங்கில் கிடந்தது

இது சர்ப்ளஸுக்கே உரிய கோளாறு. பல வருடம் கிடங்கில் கிடந்த பையில் பாலியூரித்தேன் பூசிய உள்துணியும் விளிம்புப் பெயின்ட்டும் ஈரப்பதத்தில் சிதைந்து பிசுபிசுக்கும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர்க் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பாக்கெட்டுக்குள் விரலை விட்டு அழுத்தி எடுங்கள். விரல் ஒட்டினால், அல்லது கறுப்புத் துகள் வந்தால், அந்த உள்துணியை மாற்றியே ஆக வேண்டும். அதற்கான கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

9. பணம், சான்று, திருப்பித் தருதல்

விலையுயர்ந்த பை என்றால் தனியார் சரிபார்ப்புச் சேவைக்குக் காட்டுங்கள். என்ட்ரூபி போன்றவை நுண்ணோக்கிப் படங்களை வைத்துச் சோதித்துச் சான்று தரும். பழைய பை விற்கும் கடைகள் பல இதை வைத்திருக்கின்றன. விற்பவர் அனுப்பும் சான்றுப் படத்தை நம்பாதீர்கள், சான்று எண்ணைச் சேவையின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பிராண்ட் கடைக்குக் கொண்டுபோய் "இது அசலா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பணத்தை முன்கூட்டி யுபிஐ-யில் அனுப்பினால் திரும்ப வாங்குவது கஷ்டம். கிரெடிட் கார்டு என்றால் தகராறு எழுப்பலாம். ‘போலி என்று சான்று வந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவேன்’ என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சலின் முகவரிச் சீட்டு தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். இந்தியாவில் முறையாக இறக்குமதியாகிப் பெட்டியில் விற்கும் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். புதுப் பை என்று சொல்லி, அந்தச் சீட்டே இல்லாவிட்டால் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் பையைக் கிழிக்காமல், உறையோடும் உரையாடல்களோடும் வைத்திருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் பணத்தோடு மறைந்துவிட்டால் சைபர் குற்ற எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ‘போட்ட பணத்தையாவது எடுப்போம்’ என்று அதை இன்னொருவருக்கு அசல் என்று தள்ளிவிட நினைக்காதீர்கள். போலி வணிகக் குறியோடு பொருள் விற்பதற்கு 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 103, 104 பிரிவுகளின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்களுக்கு விற்றவருக்கும் அதே பிரிவுகள்தான் பொருந்தும். புகார் எழுதும்போது அந்த இரண்டு பிரிவு எண்களையும் குறிப்பிடுங்கள்.